தாத்தா குடியேறிய நாடு

எங்கள் தாத்தா மலாயாவில் பிறந்தவர். 1935ஆம் வருஷம், கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தார். பதிமூன்றாவது வயதில் தன் அம்மாவோடு கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். அன்றிலிருந்து 2019இல் கண்ணை மூடும் வரை, சீர்காழியிலிருந்து திருமுல்லைவாசல் போகிற ரோட்டை ஒட்டிய எங்கள் சேரியில்தான் இருந்தார். ஊரில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. சேரியில் 'மலாயாக்காரர்'. ஊர்த்தெருவில் 'மலாயாக்காரப் பய'. எண்பது வயதிலும் அங்கே அவர் பய தான்.

வெளிநாடு போன கதை என்றால் இங்கிருந்து அங்கே போன கதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எம்.ஏ. தமிழ் படித்தபோது நானும் 'புலம்பெயர்வு' என்ற சொல்லை அந்த அர்த்தத்தில்தான் படித்தேன். தாத்தாவின் கதை திசை மாறியது. "எல்லாரும் சீமைக்குப் போனதச் சொல்லுவான். நான் சீமையிலேருந்து இஞ்ச வந்தவன்டா" என்பார். அவருக்குக் குடியேறிய நாடு இதுதான். இந்த நாட்டின் பாஷையை, சட்டதிட்டத்தை, எங்கே நிற்கலாம் எங்கே நிற்கக்கூடாது என்பதை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தவர் அவர்தான்.

அதைச் சொல்லுவதற்கு முன்னால் அவருடைய அப்பா, எங்கள் பூட்டன், ஏன் போனார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பூட்டன் ஒரு மிராசுதாரிடம் பண்ணையாள். கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காகப் பண்ணையில் எழுதப்பட்டவர். எழுதப்பட்டவர் என்றால் காகிதத்தில் அல்ல, காரியக்காரருடைய வாயில். வெள்ளைக்காரன் 1843லேயே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டான். ஆனால் காவேரி பாய்கிற இடத்தில் அந்தச் சட்டம் பாயவில்லை. கடன் தீராது; தீரவும் விடமாட்டார்கள். அப்பன் செத்தால் மகன் தலையில். குடியிருக்கிற மனை மிராசுதாருடையது, குடிக்கிற தண்ணீர் அவர் வாய்க்காலுடையது. கோபம் வந்தால் சவுக்கடி, சாணிப்பால். களப்பால் ஒப்பந்தத்தில் இவை இரண்டும் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்க 1944 ஆனது. அதற்குச் செங்கொடிச் சங்கம் தேவைப்பட்டது, சீனிவாசராவ் மாதிரி தோழர்கள் தேவைப்பட்டார்கள்.

பூட்டன் போனது 1926இல். சங்கமெல்லாம் அப்போது கிடையாது. கங்காணிதான் இருந்தான். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலியாகப் பிடித்துப்போகிற முறை 1910இல் ஒழிந்த பிறகு, ஆள் சேர்ப்பது கங்காணி கைக்கு முழுசாக வந்திருந்தது. தோட்டத்துத் துரை லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து, "உன் ஊருக்குப் போய் உன் ஆட்களைக் கூட்டி வா" என்று அனுப்புவான். கப்பல் செலவுக்கு முதலாளிகளிடம் வரி பிரித்த ஒரு நிதி 1907இல் ஏற்பட்டிருந்தது. கங்காணி மல்வேட்டியும் குடையும் கைக்கடிகாரமுமாக வந்து இறங்குவான். "அங்க ரப்பர் மரத்துல தேங்கா மாதிரி பணம் தொங்குது" என்பான். சனங்கள் அதை நம்பினார்களா என்று தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "பணத்த எவன்டா நம்புனான்? அங்க ஆண்டை இல்லைன்னான். அதத்தான் நம்புனாங்க" என்றார்.

கிளம்புவது சுலபமில்லை. போகிறவனைப் பற்றிக் கிராம முன்சீப் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். முன்சீப் யார்? மிராசுதாரின் சொந்தக்காரர். ஆகவே பூட்டன் ராத்திரியில் கிளம்பினார். பூட்டியும் கூட. வரப்பு வழியாக நடந்து, அடுத்த ஸ்டேஷனில் ரயில் ஏறி, மாயவரம், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம். அங்கே டிப்போவில் வேறு ஊரைச் சொன்னார், வேறு பேரைச் சொன்னார். அம்மை குத்தினார்கள், டாக்டர் பார்த்தார், "இஷ்டப்பட்டுத்தான் போறியா?" என்று ஒரு அதிகாரி கேட்டார். அதுவரை பூட்டனின் இஷ்டத்தை ஒருத்தரும் கேட்டதில்லையாம். என்ன சொல்வதென்று தெரியாமல் பூட்டி பக்கம் திரும்பிப் பார்த்தாராம். பூட்டிதான், "இஷ்டந்தாங்க" என்று முந்திக்கொண்டு சொன்னார். பூட்டி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கடல் கடந்தால் தீட்டு என்று சாஸ்திரம் எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. கரையில் இருந்தபோதே நாங்கள் தீட்டுதான். கடல் அதற்கு மேல் என்ன செய்துவிடும்?

தோட்டம் சொர்க்கம் என்று நான் எழுத வரவில்லை. விடிவதற்கு முன் பெரட்டு. பேர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. கொசு, காய்ச்சல், அட்டை. கங்காணிக்குத் தன் ஆள் வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளும் தலைக்காசு உண்டு. ஆகவே காய்ச்சல்காரனையும் எழுப்பி விடுவான். 1920களின் கடைசியில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வைத்த கூலியையும், 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் குறைத்தார்கள். அந்த இரண்டு மூன்று வருஷத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வேலை இல்லை என்று கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வேண்டும்போது கூப்பிடவும் வேண்டாதபோது துரத்தவும் தோதான கூலிகளாகத்தான் நாம் அங்கே இருந்தோம். 1938இல் மறுபடி கூலியைக் குறைக்கப் போக, இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதையே நிறுத்தியது.

சாதியும் கப்பலேறித்தான் வந்தது. லயத்தில் எங்கள் ஆட்களுக்குக் கடைசியில் தனி வரிசை. மாரியம்மன் கோயிலை இழுத்துக் கட்டியவர்கள் எல்லாரும். உள்ளே போனவர்கள் சிலர். இருந்தாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. அதைத் தாத்தா இப்படிச் சொல்வார்: "அங்க என்னையப் பறையன்னு சொல்றவனும் மரந்தான் வெட்டுவான், நானும் மரந்தான் வெட்டுவேன். அவன் வயித்துக்கு நான் ஒழைக்கல. தொர ரெண்டு பேரையும் திட்டுவான்." துரையின் கொடுமையை அவர் மறைக்கவில்லை. அந்தக் கொடுமையில் ஆண்டை என்ற ஒருத்தன் இல்லை, அவ்வளவுதான். சட்டை போடலாம். காலில் சப்பாத்து போடலாம். கடையில் காசை நீட்டினால் கிளாசில் தேத்தண்ணி வரும். தாத்தாவும் அவர் அக்காவும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து மூணாம் வகுப்பு வரை படித்தார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சோறு, கோணிச் சாக்குதான் துணி. பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று 1943இல் தோட்டத்துக்கு வந்தார்கள். மூணு மாச வேலை, நல்ல சம்பளம் என்றார்கள். பூட்டன் போனார். 415 கிலோமீட்டர் பாதை அந்த வருஷம் அக்டோபரில் முடிந்துவிட்டது. பூட்டன் வரவில்லை. எங்கே விழுந்தார், காலராவா, பசியா, மூங்கில் கழியடியா, ஒன்றும் தெரியாது. அந்தப் பாதையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பேர் பொறித்த கல்லோடு கல்லறை வரிசைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு செத்த ஆசியக் கூலிகளுக்குக் குழிதான். பூட்டன் நாகப்பட்டினத்தில் சொன்னது பொய்ப் பேர். அந்தப் பேர்கூட எங்கேயும் பொறிக்கப்படவில்லை.

அக்காவுக்குப் பதினேழு வயதில் அங்கேயே கல்யாணம் முடிந்தது. பூட்டியின் அம்மா ஊரில் சாகக் கிடக்கிறாள் என்று கடிதம். அதோடு, நாடு சுதந்திரம் ஆகிவிட்டது என்று தோட்டத்தில் எல்லாரும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்திருந்தார்கள். இனி ஊரில் பழைய மாதிரி இருக்காது என்று பூட்டி நம்பினாள். தோட்டை விற்று டிக்கெட் எடுத்தாள். 1948 தை மாசம், ரஜூலா கப்பல், அடித்தட்டு.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிற்கும். படகில் இறக்கிக் கொண்டுவருவார்கள். தாத்தா அரைக்கால் சட்டை, மேல்சட்டை, கேன்வாஸ் சப்பாத்தோடு இறங்கினார். ஒரு தகரப் பெட்டி. அதில் துணியும், வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு ஒரு கட்டும், கித்தா பால் ஏந்துகிற பீங்கான் மங்கு ஒன்றும். அந்த நோட்டு 1945லேயே செல்லாக்காசு. புருஷன் சயாம் போகும்போது கொடுத்த முன்பணம் என்பதால் பூட்டி தூக்கிப்போடவில்லை.

சீர்காழி ஸ்டேஷனில் இறங்கியதும் பூட்டி, "சப்பாத்தக் கழட்டிப் பெட்டியில வையி" என்றாள்.

"ஏம்மா, கால் சுடும்."

"இது வேற ஊருடா. கழட்டு."

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவள் ஒன்றும் விளக்கவில்லை. இருபது வருஷம் மலாயாவில் இருந்து மகனிடம் ஊர்க்கதை எவ்வளவோ சொன்னவள், இதை மட்டும் சொன்னதே இல்லை. அந்தப் பையன் வெறுங்காலோடு நடந்தபடியே பாடம் படிக்க ஆரம்பித்தான். ஊர்த்தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எதிரே ஆள் வந்தால் வரப்பைவிட்டு இறங்கி வயலில் நிற்க வேண்டும். துண்டு தோளில் இருக்கக்கூடாது. 'ஐயா' போதாது, 'ஆண்டே' என்று சொல்ல வேண்டும். சுதந்திரம் வந்து அப்போது அஞ்சு மாசம்.

மூன்றாம் நாள் காரியக்காரர் வந்தார். ஓடிப்போனவனுடைய கடன் அப்படியே இருக்கிறது என்றார். அதாவது 1926ஆம் வருஷத்துக் கல்யாணக் கடன். கடன் வாங்கியவர் சயாமில் செத்துப்போயிருந்தார். கணக்கு சாகவில்லை. தாத்தா மாடு மேய்க்க அனுப்பப்பட்டார். முதல் நாள் சட்டையோடு போனார். சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டுப் புளிய விளாறால் அடித்தார்கள். அடி வாங்கும்போது மனசுக்குள் மலாயில் எண்ணினாராம்: சத்து, டுவா, தீகா, அம்பாட், லீமா. "தமிழ்ல எண்ணுனா அவனுக்குப் புரிஞ்சிடுமோன்னு பயம்" என்பார், சிரித்துக்கொண்டே. நாற்று முடியை எண்ணும்போதும் கடைசி வரை அப்படித்தான் எண்ணினார். கூட வேலை பார்த்த பெண்கள் கேலி செய்வார்கள்.

டீக்கடைக் கதையையும் அவர் நிறையத் தரம் சொல்லியிருக்கிறார். கிளாசில் வரும் என்று நினைத்துக் காசை நீட்டினார். கடைக்காரர் காசைக் கீழே வைக்கச் சொல்லி, மேலே தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டு, கொட்டாங்கச்சியில் ஊற்றினார். "அங்க மங்கு ஒடஞ்சுபோனா, கித்தா பாலு ஏந்துறதுக்கு மரத்துல கொட்டாங்கச்சியக் கட்டுவோம்டா. இஞ்ச மனுசன் குடிக்கிறதுக்கு வச்சிருக்கான்." மறுநாள் பெட்டியிலிருந்த மங்கை எடுத்துப் போனார். அதில் ஊற்றச் சொன்னார். "மலாயாப் பய திமிரப் பாரு" என்று துரத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் டீயே குடித்ததில்லை. எங்கள் வீட்டில் போட்டாலும் குடிக்கமாட்டார்.

1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தாத்தா செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தார். கூலி கேட்டு நின்றார், ஜெயிலுக்கும் போனார். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்த செய்தி வந்தபோது, "இனிமே எங்க கப்பலேறுறது?" என்று பூட்டி கேட்டாளாம். 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்து, அதற்கு நாலைந்து வருஷம் கழித்து, குடிசை நின்ற மனைக்குத் தாத்தா பேரில் பட்டா வந்தது. ரெண்டேகால் சென்ட். மலாயாவிலிருந்து வந்து இருபத்தேழு வருஷம் கழித்துத்தான் அவருக்கு இந்த நாட்டில் காலூன்ற ஒரு இடம் கிடைத்தது. இதைத்தான் குடியுரிமை என்று நான் நினைக்கிறேன்.

அங்கே அக்காவுக்கும் அதே பாடுதான், வேறு தினுசில். 1957இல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது அத்தைப்பாட்டி குடியுரிமைக்கு மனுப் போடவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை. 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். அத்தைப்பாட்டி திரும்பவில்லை. "தம்பி எழுதுன காயிதத்தப் பாத்தா திரும்பத் தோணல" என்றாராம். சாகிறவரை சிவப்பு அடையாள அட்டைதான். பிறகு தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். லயத்தை இடித்ததும் கிள்ளானில் அடுக்குமாடிக்குப் போனார்கள். கடிதம் நின்றது. 2015இல் முகநூல் வழியாக மறுபடி ஒட்டிக்கொண்டோம்.

2016இல் அத்தைப்பாட்டி இறந்தார். எரித்த சாம்பலில் பாதியை அங்கே கடலில் கரைத்துவிட்டு, மீதியைக் காவேரி கடலில் சேருகிற பூம்புகாரில் கரைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அடுத்த வருஷம் அவர் பேரன் அதை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னான். எனக்கு மச்சான் முறை. என் வயசுக்காரன், தொழிற்சாலையில் டெக்னீசியன்.

அவன் கிளம்புவதற்கு முதல் நாள் அவன் அம்மா போன் செய்தார். "தம்பி, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம வீட்ல யாரும் சொன்னதில்ல. ஊர்ல நெலபுலத்தோட இருந்த குடும்பம்னுதான் சொல்லி வச்சிருக்கோம். அங்க அந்தப் பேச்சு வராமப் பாத்துக்கப்பா. அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம்."

நான் மேடைகளில் பேசுகிறவன். சாதியை மறைப்பது எதிரிக்கு உதவுவது என்று மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தவன். அன்றைக்கு போனில், "சரி அத்தை" என்றேன். இந்தக் கட்டுரையை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆனதற்கு அந்த இரண்டு வார்த்தைதான் காரணம்.

சொன்னதோடு நிற்கவில்லை. சீர்காழியில் லாட்ஜில் ரூம் போட்டேன். "வீட்ல வசதி பத்தாது" என்றேன். தாத்தாவை ஆட்டோவில் அங்கேயே கூட்டிவந்து காட்டி, மறுநாள் பூம்புகாருக்குப் போய்விட்டு, அப்படியே திருச்சிக்கு விமானம் ஏற்றிவிடுவது என் திட்டம். தாத்தா வந்தார். அக்கா பேரனின் முகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வூடு இருக்கும்போது லாட்ஜில எதுக்குடா ஒக்காந்து பேசணும்?" என்றார். மச்சானும் எழுந்துவிட்டான். "அதானே மச்சான், வீட்டப் பாக்காம எப்படிப் போறது?"

ஊர்த்தெரு, கோயில், குளம், பள்ளிக்கூடம் எல்லாம் தாண்டியாயிற்று. வாய்க்கால் மதகு தாண்டியதும் ஒரு போர்டு. மச்சான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். வண்டிக்குள்ளிருந்து எழுத்துக் கூட்டி வாசித்தான்: "ஆதிதிராவிடர் குடியிருப்பு." என்னிடம் திரும்பி, "இது என்ன மச்சான்?" என்றான்.

"கவர்மென்ட் வச்ச பேரு" என்றேன்.

தாத்தா முன்சீட்டில் இருந்தார். காது மந்தம்தான், ஆனால் இது கேட்டுவிட்டது. "நாமதான்டா அது. நாம பறையருங்க. ஒன் ஆயா சொல்லலையா?"

வண்டி நின்றது. மச்சான் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு இறங்கினான். "நம்ம நெலம் எங்க இருக்கு தாத்தா?" என்று கேட்டான். எதற்காக அதைக் கேட்டான் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தானோ என்னவோ. தாத்தா அவன் கையைப் பிடித்து மதகுக்கட்டைமேல் உட்கார வைத்தார். சம்பா பச்சையாக நின்றது. "தெரியிது பாரு, கண்ணுக்கு எட்டுன வரைக்கும், அவ்வளவும் நாங்க ஒழுதது, நட்டது, அறுத்தது. ஒரு குழி நம்மளது இல்ல. நம்மளது அந்த வூடு நிக்கிற எடம். அதுக்குப் பட்டா இருக்கு, வா காட்டுறேன்."

அன்று ராத்திரி அவன் லாட்ஜுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தான். தூக்கம் வராமல் பேசினான். அவன் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் நிச்சயம்வரை வந்து நின்றுபோனதாம். மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருத்தர், "தமிழ்நாட்டுல எந்த ஊரு? அதுல எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம். ஆயா ஊர்ப் பேரைச் சொன்னார். பக்கத்தைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆயா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஏன் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா தன் நிறம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறாளாம்.

"அப்ப அதுக்குத்தானா மச்சான்?"

நான் பதில் சொல்லவில்லை. அவனே சொன்னான்: "அம்மா மறைச்சது எனக்குப் புரியுது. நீங்க மேடையில பேசுறவருன்னு சொன்னாங்க. நீங்களும் லாட்ஜில ரூம் போட்டீங்க."

அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

யோசித்துப் பார்க்கிறேன். மறைத்தவர்களைத் திட்டுவது சுலபம். பூட்டி மகனிடம் மறைத்தாள். அவன் நிமிர்ந்து நடக்கட்டும் என்று. அத்தைப்பாட்டி எழுபது வருஷம் மறைத்தார். மறைக்கிறவளுடைய பாரத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மறைத்ததால் என்ன நடந்தது? ஊர்ப் பேரைக் கேட்டவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது நம் பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஒரு பெண் தன் தோலைக் கண்ணாடியில் பார்த்துக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். அடித்தவன் யாரென்று தெரிந்தால் திருப்பிக் கேட்கவாவது முடியும். தாத்தா கேட்டார். கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய், ரெண்டேகால் சென்ட் வாங்கினார்.

மறுநாள் காலையில் பூம்புகார். ஐயரைக் கூப்பிடவில்லை, தாத்தா வேண்டாம் என்றுவிட்டார். மச்சான் அவரைக் கைத்தாங்கலாக முழங்கால் தண்ணீர்வரை கூட்டிப்போனான். அக்காவும் தம்பியும் பிரிந்து அறுபத்தொன்பது வருஷம். தாத்தா சட்டியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். "சத்து" என்றார். போட்டார். "டுவா." "தீகா." அங்கே நின்றுவிட்டார், குரல் வரவில்லை. பக்கத்தில் மச்சான், "அம்பாட்" என்றான். அவன் அள்ளிப் போட்டான். "லீமா" என்றார் தாத்தா. அப்படியே மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டு சட்டி காலியாகும்வரை போட்டார்கள். அந்த எண்ணை யாரும் அவருக்குத் திருப்பிச் சொன்னதை என் ஆயுசில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவன் ஊர் போய்ச் சேர்ந்ததும் அத்தை போன் செய்தார். "ஏம்பா சொன்ன?" என்று அழுதார். "நான் சொல்லல அத்தை, தாத்தாதான் சொல்லிட்டாரு" என்றேன். அப்போதும் நான் தாத்தாவுக்குப் பின்னால்தான் ஒளிந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

2022இல் என் தம்பி சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். வட்டிக்கு வாங்கித்தான் ஏஜெண்டுக்குக் கொடுத்தோம். கங்காணி போய் ஏஜெண்ட் வந்திருக்கிறான், கடன் மட்டும் அதே கடன். கிளம்புகிற அன்று பெட்டி கட்டிக்கொண்டே கேட்டான்: "அங்க ரூம்ல தமிழாளுங்கதான் இருப்பாங்களாம். எந்த ஊரு, எந்தப் பக்கம்னு கேட்டா என்னண்ணே சொல்றது?"

ஊர்ப் பேரைச் சொல், மதகுக்கு இந்தப் பக்கம் என்று சொல், மலாயாக்காரர் பேரன் என்று சொல் என்றேன். "அதுக்கு மேல கேட்டா?" என்றான். அதுக்கு மேலேயும் சொல் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஷூவைப் போட்டுக்கொண்டான். எங்கள் வீட்டு வாசலிலேயே போட்டுக்கொண்டு, ஊர்த்தெரு வழியாக நடந்து, பஸ் ஏறினான்.